எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்குக் காது வழிகிறது: மாத்திரை மட்டும் போதுமா?

கேள்வி: 9 ஜூன் 2024, ஆண்டாப் ஹில், மும்பை

என் மகளுக்கு ஆறு வயது. பிறப்பிலேயே எச்.ஐ.வி. மூன்று வயதிலிருந்து, வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. மருந்து கொடுக்கிறேன். மழை தொடங்கியதும் வலது காதில் சீழ் வருகிறது. போன ஆண்டும் இப்படித்தான். "எதிர்ப்புச் சக்தி ஏறினால் காது தானாக நின்றுவிடும், மாத்திரையை மட்டும் விடாதே" என்கிறார் மாமியார். மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்திலும் வைரஸ் அளவு நன்றாக இறங்கியிருக்கிறது என்றார்கள். அப்படியானால் காதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்தானே?

9 ஜூன் 2024, இரவு

கவலைப்பட வேண்டும், தங்கையே. உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. மருந்தை ஒழுங்காகக் கொடுத்தால் காதில் சீழ் பிடிப்பது குறையும். ஆனால் செவிப்பறையில் ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தால் மாத்திரை அந்த ஓட்டையைத் தைத்துவிடாது. என் தங்கை மகனுக்கு வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிய ஆண்டிலும் காது வழிந்துகொண்டுதான் இருந்தது. நான் தாராவியில் இருக்கிறேன். அவன் 2013இல், நான்கு வயதில், என்னிடம் வந்தான். இப்போது பதினைந்து. அந்தக் காதோடு நான் பட்டதை எழுதினால் விடிந்துவிடும். நாளை எழுதுகிறேன்.

10 ஜூன் 2024

முதலில் காதுக்குள் எதையும் ஊற்றாதீர்கள். பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய், வெங்காயச் சாறு, பக்கத்து வீட்டுக்காரியின் தாய்ப்பால், எதுவும் வேண்டாம். நான் முதல் இரண்டையும் ஊற்றியிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

சீழைத் துடைக்கும் விதம் எனக்கு ஒரு செவிலியர் கற்றுத் தந்தது. பழைய வெள்ளை வேட்டித் துணியைக் கொதிக்கவைத்து உலர்த்தி, சிறு துண்டாக வெட்டி, திரி போல முறுக்கிக் காதுக்குள் மெல்ல வைக்க வேண்டும். ஊறியதும் எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த திரி. திரி நனையாமல் வரும்வரை இப்படியே, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. திரியை உள்ளேயே விட்டுவிடக் கூடாது. இந்த மழையில் துணியை எங்கே உலர்த்துவது என்று கேட்பீர்கள். நான் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்தினேன். கடையில் விற்கும் பஞ்சுக் குச்சி வேண்டாம், அது சீழை உள்ளே தள்ளும்.

காது உலர்ந்த பிறகுதான் சொட்டு மருந்துக்கு வேலை. ஈரத்தின் மேல் விட்டால் மருந்து சீழோடு மிதந்து வெளியே வந்துவிடும். பையனுக்குக் கடைசியாகப் பலன் தந்தது சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு, இரண்டு வாரம். அதற்கு முன் ஒரு தெருமுனை மருத்துவர் மாதக்கணக்கில் ஜென்டமைசின் சொட்டு விடச் சொல்லியிருந்தார். ஓட்டை உள்ள காதில் அதை நீண்ட நாள் விட்டால் உட்செவி நரம்பையே கெடுக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. எந்தச் சொட்டு என்பதைக் காதைத் திறந்து பார்த்த மருத்துவர் சொல்லட்டும், மருந்துக்கடைக்காரர் வேண்டாம்.

குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடைத்துவிடுங்கள், குளித்ததும் எடுத்துவிடுங்கள்.

10 ஜூன் 2024, மாலை

அவசரமாக ஒன்று. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு மேடு வீங்கிச் சிவந்து, தொட்டால் குழந்தை அலறினாலோ, வாய் ஒருபக்கம் கோணினாலோ, தலைவலியோடு வாந்தி வந்தாலோ, தலை சுற்றி விழுந்தாலோ இந்த இணைய இழையைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றிரவே பெரிய மருத்துவமனை. அந்த நிலையில் சீழ் எலும்புக்கோ மூளைப் பக்கமோ போயிருக்கலாம்.

11 ஜூன் 2024

சீழைத் துடைத்தால் எச்.ஐ.வி. ஒட்டுமா என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். காயமில்லாத தோல் மேல் பட்டால் ஒட்டாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எந்தக் குழந்தையின் சீழுக்கும் இதே முறைதான். பதினொரு ஆண்டுகளாகத் துடைத்த கை என்னுடையது.

13 ஜூன் 2024

சிவப்புத் தலைப்பாகை, காதில் செருகிய ஊசி, கையில் சிறு பெட்டி. ரயில் நிலையத்து வாசலில் 'கான் சாஃப்' (காது சுத்தம்) என்று கூவிக்கொண்டு காது குடைபவர் நிற்பாரே, அவரிடம் பையனை ஒருமுறை கூட்டிப்போனார் என் கணவர். நல்ல எண்ணம்தான், பிள்ளையின் காதில் குறும்பி அடைத்திருக்கிறது என்று நினைத்தார். அந்த ஆள் காதுக்குள்ளிருந்து மிளகளவில் ஏதோ கல்லை எடுத்துக் காட்டி நாற்பது ரூபாய் வாங்கினார். எவ்வளவு பெரிய கல் என்று வீட்டுக்கு வந்து வியந்தார் கணவர். அந்தக் கல் காதுக்குள் போனது எப்போது என்று நான் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

சிரித்துவிட்டேன், ஆனால் அதற்கு மறுவாரம்தான் சீழில் ரத்தம் கலந்து வந்தது.

21 ஜூன் 2024

முன்பு எழுதியதில் ஒரு திருத்தம். இரண்டு வாரச் சொட்டில் "பலன் தந்தது" என்று எழுதிவிட்டேன். படிப்பவர்கள் காது குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். நின்றது சீழ்தான். ஓட்டை அப்படியே இருந்தது. அடுத்த சளிக்கு மறுபடி வழிந்தது. நான் செய்த பெரிய தவறு இதுதான்: ஈரம் நின்ற நாள்களில் காதை மறந்தேன்.

இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இப்படித் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு சிறு குழல் ஓடுகிறது. பெரியவர்களுக்கு அது சரிவாக இறங்கும். குழந்தைகளுக்குக் குட்டையாக, ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருக்கும். மூக்குச் சளி சுலபமாகக் காதுக்கு ஏறிவிடும். எல்லாப் பிள்ளைக்கும் இதே கதைதான். எதிர்ப்புச் சக்தி உள்ள பிள்ளை பெரும்பாலும் அதைத் தாண்டி வளர்ந்துவிடும். நம் பிள்ளைகளுக்குச் சளி வந்தால் எளிதில் போவதில்லை, மூக்கின் பின்னாலிருக்கும் அடினாய்டு சதையும் வீங்கிக் குழலின் வாயை அடைத்துக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனம் எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளின் நோய்நிலையை நான்கு படிகளாகப் பிரித்திருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் காதுச் சீழ் அதில் இரண்டாம் படியிலேயே இருக்கிறது. அதாவது காது வழிவது பல பிள்ளைகளுக்கு நோயின் முதல் மணியோசை. என் தங்கை ஊரில் இவனுக்கு ஒரு வயதிலிருந்தே காது வழிகிறது என்று கடிதத்தில் எழுதினாள். யாருக்கும் ரத்தம் பார்க்கத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசியைப் போட்டுவிட்டீர்களா என்று பாருங்கள். நடுச்செவியில் சீழ் பிடிக்க வைக்கும் முக்கியமான கிருமிகளில் நியூமோகாக்கஸும் ஒன்று. அரசுத் திட்டத்தில் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதும் வந்தது. என் பையனுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. மற்றத் தொற்றுகளைத் தடுக்க மையத்தில் தரும் கோட்ரைமாக்சசோல் மாத்திரையையும் மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.

2 ஜூலை 2024

சீழைப் பற்றியே எழுதிக்கொண்டு கேட்கும் திறனை விட்டுவிட்டேன். வீட்டிலும் அப்படித்தான் விட்டேன்.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே புகார்: "சொன்னால் காதில் போட்டுக்கொள்வதே இல்லை." நானும் அதே சொல்லைச் சொல்லி அடித்திருக்கிறேன். வகுப்பில் ஐம்பது பிள்ளைகள், மேலே மின்விசிறி, வெளியே 90 அடிச் சாலையின் ஹாரன். அவனுக்குக் கடைசி பெஞ்ச், ஏனென்றால் காது நாறுகிறது என்று பக்கத்துப் பிள்ளைகள் அழுதார்கள். காது கேளாத பிள்ளையைத் தூக்கிக் கரும்பலகையிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் உட்கார வைத்தோம். நோயின் பெயர் தெரிந்தால் பள்ளியில் ஒதுக்குவார்களோ என்று நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பெயர் அங்கே யாருக்கும் தெரியவே இல்லை. நாற்றத்துக்காகவே ஒதுக்கிவிட்டார்கள்.

பேசும்போது என் வாயையே பார்ப்பான். எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று பெருமைப்பட்டேன்.

மலாவியின் லிலாங்வே நகரில் எச்.ஐ.வி. உள்ள 380 குழந்தைகளுக்குச் செவித்திறன் பரிசோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 24 விழுக்காட்டினருக்குக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. அதில் மிகப் பெரும்பாலானவை நடுச்செவிக் கோளாறு, அதாவது மருத்துவத்தால் சீராக்க வாய்ப்புள்ள வகை. குறை உள்ள பிள்ளைகளின் வீட்டாரில் பாதிப்பேருக்கும் மேல் அதை உணரவே இல்லை. இதை எனக்குப் படித்துச் சொன்னவர் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகர். என்னைத் தேற்றத்தான் சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

3 ஜூலை 2024

எப்படித்தான் கண்டுபிடித்தீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். முகக்கவசத்தால்.

2020 கடைசியில் மாத்திரை வாங்க மையத்துக்குப் போனோம். எல்லாருக்கும் முகக்கவசம். ஆலோசகர் கேட்ட கேள்விக்கெல்லாம் பையன் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். ஊரடங்கில் அடைந்து கிடந்து மந்தமாகிவிட்டான் என்றேன். அந்த அம்மையார் எட்டிப் போய் நின்று முகக்கவசத்தை இறக்கிவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். டக்கென்று பதில் சொன்னான். பிறகு அவன் முதுகுப் பக்கம் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவில்லை. இன்னும் ஒருமுறை, சற்று உரக்க. திரும்பவில்லை. எனக்குக் கால் நடுங்கியது. ஏழு ஆண்டுகளாகக் காதைத் துடைத்தவள் நான், இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தவர் வேறொருவர்.

14 ஜூலை 2024

"காது மருத்துவரிடம் எச்.ஐ.வி. என்று சொல்ல வேண்டுமா? சொன்னால் முகம் மாறுகிறதே, சொல்லாமலே காட்டிவிட்டு வந்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறும். நானும் அதற்கு அஞ்சியே 2019இல் ஒரு மருத்துவரிடம் சொல்லாமல் காட்டினேன். அதன் விலையைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள்.

அவர் நல்லவர். அடினாய்டு வீங்கிக் காதுக் குழலை அடைக்கிறது என்று சரியாகவே கண்டுபிடித்தார். மூக்கில் அடிக்கும் ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே எழுதித் தந்தார். குழந்தைகளுக்குச் சாதாரணமாகத் தரும் மருந்துதான். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அப்போது பையனுக்கு முதல் வரிசை மருந்து பலிக்காமல் லோபினவிர்-ரிட்டோனவிருக்கு மாற்றியிருந்தார்கள். ஃப்ளூட்டிகசோன் ஒரு ஸ்டீராய்டு. மூக்கில் அடித்தது சிறிதளவு ரத்தத்தில் கலந்தாலும் கல்லீரல் உடனுக்குடன் அதைக் கழித்துவிடும். ரிட்டோனவிர் அந்தக் கழிக்கும் வேலையைத் தடுக்கும். மூக்கில் அடித்தது உடம்பெங்கும் தேங்கும். இரண்டு மாதத்தில் பையனின் முகம் முழுநிலாவாக உருண்டது. கழுத்துப் பின்னால் சதை. அக்கம்பக்கத்தில் எல்லாரும், "இப்போதுதான் பிள்ளை சதை போட்டிருக்கிறான், என்ன கொடுக்கிறாய்?" என்று கேட்டார்கள். நானும் மயங்கிப் போனேன். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

மையத்து மருத்துவர் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மூக்குக்கோ மூச்சுக்கோ ஏதாவது அடிக்கிறீர்களா?" என்பதுதான். ரத்தம் பார்த்தார்கள், உடம்பு தானே சுரக்க வேண்டிய கார்ட்டிசால் என்ற ஹார்மோன் படுத்துவிட்டிருந்தது. அதையும் சட்டென்று நிறுத்தக் கூடாதாம், மருத்துவமனையில் வைத்துக் கண்காணித்துப் படிப்படியாக மீட்டார்கள். அந்த ஆண்டு அவன் உயரம் ஒரு விரல்கூட ஏறவில்லை. வாசற்படியில் கோடு போட்டு அளப்போம். 2019க்கும் 2020க்கும் ஒரே கோடு.

ஆகவே தங்கையே, சொல்லுங்கள். வெட்கம் என்றால் வாயால் சொல்ல வேண்டாம், மாத்திரைச் சீட்டை மேசைமேல் வைத்துவிடுங்கள். அதேபோல் மையத்திலும் காதைப் பற்றி நீங்களாகச் சொல்லுங்கள். அங்கே எடை பார்ப்பார்கள், எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணு எண்ணிக்கை பார்ப்பார்கள், மாத்திரை எண்ணுவார்கள். கூட்டத்தில் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க அவர்களுக்கு எங்கே நேரம்? மையம் ஒரு கட்டடம், காதுப் பிரிவு இன்னொரு கட்டடம். இரண்டுக்கும் நடுவில் ஓடும் தபால்காரர் நாம்தான்.

15 ஜூலை 2024

டோலுடெக்ரவிர் என்ற ஏ.ஆர்.டி. மருந்து கொடுக்கிறோம், இதற்கும் அந்த ஸ்ப்ரே ஆகாதா என்று கேட்பவருக்கு: அந்தச் சண்டை ரிட்டோனவிரோடுதான், டோலுடெக்ரவிரோடு இல்லை. என் பையனும் இப்போது அதில்தான் இருக்கிறான். இருந்தாலும் சீட்டைக் காட்டுங்கள்.

சட்டம் கேட்டவருக்கு: 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. நோயைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஒப்புதல் இல்லாமல் விவரத்தை வெளியே சொல்லவும் கூடாது. எங்களை ஓரிடத்தில் காலை முதல் மாலை வரை கடைசியாக உட்கார வைத்தபோது இந்தச் சட்டத்தின் பெயரைச் சொன்னேன். அப்போதும் கடைசியாகத்தான் பார்த்தார்கள், ஆனால் பார்த்தார்கள்.

4 ஆகஸ்ட் 2024

காசநோய் ஊசியைப் பற்றி ஒருவர் கேட்டதும் பழையது எல்லாம் கிளறிவிட்டது. பையனுக்கு 2016இல் டி.பி. இரண்டாம் முறை வந்தது. அப்போதைய அரசு முறையில் மறுபடி வந்தவர்களுக்கு இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, வாரத்துக்கு மூன்று, மொத்தம் 24. அந்த ஊசி காதுக்குள்ளிருக்கும் நரம்பு மயிர்களைக் கொல்லக்கூடியது. ஊசி முடிந்த பிறகு எங்கள் சாலில் (ஒற்றை அறை வீடுகள் கொண்ட குடியிருப்பு) இருட்டு மாடிப்படி ஏறும்போது குடித்தவன் போலத் தள்ளாடுவான். விளக்கு இருந்தால் சரியாக நடப்பான். உடம்புச் சோர்வு என்றார்கள். உயர்ந்த ஒலிகள் அவனுக்கு இன்றும் சரியாகக் கேட்பதில்லை. 'ச' எழுத்து அவன் காதில் விழுவதே இல்லை, பசிக்கிறதா என்றால் பதிக்கிறதா என்பான். அந்த ஊசிதான் என் பிள்ளையின் காதைத் தின்றது.

6 ஆகஸ்ட் 2024

கோபத்தில் எழுதிவிட்டேன். கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

செவித்திறன் பரிசோதகர் எனக்கு விளக்கியதை மறைத்து எழுதியது நியாயமில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் பெரும்பாலும் முதலில் தாக்குவது உடம்பை நிலைநிறுத்தும் பகுதியை. இருட்டில் தள்ளாடியதற்கு அது பொருந்தும். உயர்ந்த ஒலிகள் போனதற்கு அந்த ஊசியும் காரணமாகலாம், ஆண்டுக்கணக்கில் நின்ற சீழும் காரணமாகலாம், நான் விட்ட ஜென்டமைசினும் காரணமாகலாம். ஊசி போடுவதற்கு முன் ஒரு ஆடியோகிராம் (செவித்திறன் வரைபடம்) எடுத்திருந்தால் பிரித்துச் சொல்லியிருக்கலாம். எடுக்கவில்லை. பழியைப் பங்கு போட எங்களிடம் தராசு இல்லை. அந்த ஊசி இல்லாவிட்டால் அவன் உயிரோடு இருந்திருப்பானா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது பிள்ளைகளுக்கு டி.பி. மறுபடி வந்தால், 'இரண்டாம் வகை' எனப்பட்ட அந்த ஊசி முறையே கிடையாது. மருந்துக்கு அடங்காத டி.பி.க்கும் கானமைசின் ஊசி வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லிவிட்டது. யாராவது அமிகாசின் ஊசி போட வேண்டும் என்றால் மறுக்காதீர்கள், போடுவதற்கு முன்னும் இடையிலும் செவித்திறன் பாருங்கள் என்று மட்டும் கேளுங்கள்.

1 செப்டம்பர் 2024

காதுகுத்து! தை மாதம் ஊரில் குலதெய்வத்துக்கு வேண்டுதல், சீழ் வரும் காதைக் குத்தலாமா என்று ஆண்டாப் ஹில் தங்கை கேட்கிறார். குத்துவது மடலில், வழிவது பறைக்கு உள்ளே. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசல் இருக்கிறது. ஆனாலும் சீழ் ஓடும்போது வேண்டாம், காயத்தில் பட்டுப் புண்ணாகும். காது உலர்ந்தபின் செய்யுங்கள். ஆசாரி வரிசையாகப் பத்துப் பிள்ளைக்குக் குத்துவார். உங்கள் மகளுக்குப் புது ஊசி, அவளுக்குப் பின்னால் வரும் பிள்ளைக்கும் புது ஊசி. ஒரு பொட்டலம் புது ஊசியை நீங்களே வாங்கிப் போய் "மும்பையில் இப்போது இதுதான் வழக்கம்" என்று பெருமையாகக் கொடுத்துவிடுங்கள். பட்டணத்துத் திமிர் என்று பேசுவார்கள், பேசட்டும். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் பையனுக்கு மாமா மடி கிடைக்கவில்லை. என் கணவர் மடியில் உட்கார வைத்துக் குத்தினோம்.

20 அக்டோபர் 2024

ஆண்டாப் ஹில் தங்கையின் மகளுக்குப் பரிசோதனை முடிந்ததாம். ஓட்டை சிறியது, வலது காது 35 டெசிபல் (அவ்வளவு சத்தம் இருந்தால்தான் கேட்கும், எண் கூடக்கூடக் கேட்கும் திறன் குறைவு), இடது சரியாக இருக்கிறது. காது உலர்ந்துவிட்டது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். என் வயிற்றில் பால் வார்த்தீர்கள். பள்ளியில் முன் பெஞ்ச், குழந்தையின் இடது காது ஆசிரியரைப் பார்க்கும்படி கேட்டு வாங்குங்கள்.

எங்கே பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு: மாநகராட்சியின் பெரிய மருத்துவமனைகள் தவிர, பாந்திரா ரெக்ளமேஷனில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது, 1983இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், வேலையே காதும் பேச்சும்தான். ஐந்து வயதுக்கு மேல் என்றால் காதணி ஒலிப்பானை (ஹெட்போன்) மாட்டி, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொல்வார்கள். சிறு பிள்ளைக்குத் தூங்கவைத்து மூளை அலை பார்க்கும் பெரா பரிசோதனை.

எங்களுக்கு வலது காது 48 டெசிபல் என்று வந்தது. 2022 பிப்ரவரியில் காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையிலிருந்து ஒரு துண்டெடுத்துச் செவிப்பறையை ஒட்டுப் போட்டார்கள். வைரஸ் அளவு இறங்கி, காது பல மாதம் உலர்ந்து இருந்த பிறகுதான் கத்தியை எடுத்தார்கள். ஒட்டு பிடித்தது. உள்ளே வைத்த பஞ்சையெல்லாம் எடுத்துச் சில வாரங்களில் 25க்கு வந்தது. உயர்ந்த ஒலிகள் வரவில்லை, அது நரம்பு சம்பந்தப்பட்டது.

முதல் வாரம் வேடிக்கையாக இருந்தது. பெரியப்பா குறட்டை விடுவார் என்பதையே அவன் அப்போதுதான் கண்டுபிடித்தான். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும் சத்தத்துக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "தினமுமா இப்படி?" என்று கேட்டான். மாட்டுங்காவிலிருந்து லோக்கலில் வந்தோம். "புடீல் ஸ்டேஷன், ஷீவ்" என்று அறிவிப்பு வந்ததும் பதறிப்போய், "பெரியம்மா, ரயில் மாறி ஏறிவிட்டோம்" என்றான். சயானுக்கு மராத்தியில் ஷீவ் என்று பெயர். அந்தத் தடத்திலேயே ஒன்பது ஆண்டுகளாகப் போய்வருகிறான், அதுவரை அவன் காதில் விழுந்ததில்லை.

27 அக்டோபர் 2024

போன குறிப்பில் வேடிக்கையை மட்டும் எழுதினேன். மீதியையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஒற்றை அறை. நோயைப் பற்றி நானும் கணவரும் பேச வேண்டுமென்றால் பையன் படுத்தபின் தணிந்த குரலில் பேசுவோம். மாத்திரைக்குப் 'சத்து மாத்திரை' என்று பெயர் வைத்திருந்தோம். என் தங்கை மஞ்சள் காமாலையில் போனதாகச் சொல்லியிருந்தோம். 2022 மே மாதம் ஒருநாள் இரவு, விளக்கணைத்தபின், வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தோம். இருட்டிலிருந்து கேட்டான்: "அம்மாவுக்கு இருந்ததுதான் எனக்கும் இருக்கிறதா, பெரியம்மா?"

காதைச் சரிசெய்ய அலைந்தபோது இதை நான் யோசிக்கவே இல்லை. பள்ளி வயதிலேயே பிள்ளைக்கு அதன் வயதுக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011இலேயே எழுதியிருக்கிறது. மையத்திலும் இரண்டு முறை நினைவூட்டினார்கள். அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளினேன். மறுநாள் அந்த ஆலோசகரிடமே கூட்டிப்போனேன். அவர் படம் போட்டு விளக்கினார். பையன் அழவில்லை, நான்தான் அழுதேன். செவிப்பறைக்கு ஒட்டுப் போடுவதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். இருட்டில் ஒட்டுக்கேட்டு ஒரு பிள்ளை தெரிந்துகொள்ளக் கூடாத செய்தி அது.

3 மார்ச் 2025

இன்று உலகச் செவித்திறன் நாளாம். மையத்தில் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து இந்த இழையைப் பையனிடம் படிக்கக் கொடுத்தேன். அவன் காதைப் பற்றி அவனைக் கேட்காமலே இவ்வளவும் எழுதியது உறுத்தியது. எதை வேண்டுமானாலும் அழித்துவிடுகிறேன் என்றேன். அழிக்க வேண்டாம், மூன்று இடத்தில் தப்பு என்றான்.

ஒன்று, காது குடைபவர் வாங்கியது ஐம்பது ரூபாய். பெரியப்பா உங்களிடம் குறைத்துச் சொன்னார்.

இரண்டு, கடைசி பெஞ்ச் தண்டனையாக இல்லையாம். ஜன்னல் பக்கம், ரயில் தெரியும், பிடித்துத்தான் இருந்ததாம்.

மூன்றாவதைச் சொல்லச் சற்றுத் தயங்கினான். 2022 மே மாதம் ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லையாம். பத்து வயதிலேயே தெரியுமாம். "நீங்கள் தணிந்து பேசினால் எனக்குச் சத்தம் கேட்காது. ஆனால் எனக்கு எப்போதுமே சத்தம் கேட்காதே, பெரியம்மா. வாயைப் பார்த்துத்தானே தெரிந்துகொள்வேன். தணிந்து பேசும்போது இரண்டு பேரும் வாயை நன்றாக அசைத்துப் பேசுவீர்கள்."

பிறகு ஏன் அந்த இரவு கேட்டாய் என்றேன்.

"விளக்கை அணைத்துவிட்டுப் பேசினீர்கள். வாய் தெரியவில்லை. எனக்குக் காதில் கேட்டது. காதில் கேட்டதால் கேட்டேன்."

4 மார்ச் 2025

பத்து வயது என்றால் 2019. முகம் நிலாவாக உருண்டு, நான் ஊருக்கெல்லாம் தொலைபேசியில் பெருமையடித்த ஆண்டு.

9 மார்ச் 2025

ஆண்டாப் ஹில் தங்கைக்கு: வியாழக்கிழமை காதுப் பிரிவில் எங்களுக்கும் முறை. காலை எட்டுக்கே சீட்டு எடுத்து வைக்கிறேன். மகளின் பழைய ஆடியோகிராமை மறக்காமல் கொண்டுவாருங்கள், மாத்திரைச் சீட்டையும். பையனும் வருகிறான், உங்கள் மகளுக்கு அந்தக் காதணி ஒலிப்பானை எப்படி மாட்டுவது என்று அவன் சொல்லித் தருகிறானாம்.